சட்டைப்பையில் ஒரு கணப்பு

ஜப்பானின் ஹக்கின் கைரோவைக் கையில் எடுத்தால் பெரிய சிகரெட் லைட்டர் என்றே தோன்றும். 1923 முதல் குளிர்காலத்தில் கைகளைக் காத்துவரும் கருவி. உள்ளே பென்சின் நனைத்த பஞ்சு. வாயில் பிளாட்டினம் ஏறிய கண்ணாடி இழை. எரியும் தீக்குச்சியை அதில் சில நொடி காட்டினால் போதும், ஆவி பிழம்பே இல்லாமல் எரியும், ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க. மூடியில் மயில் உருவில் துளைகள். அழகுதான், ஆனால் காற்று நுழையும் வழியும் அதுவே, அடைத்தால் சூடு படுத்துவிடும்.

பென்சினை நெருப்பண்டாத, காற்றோட்டமான இடத்தில் அளவாக ஊற்றுங்கள். வழிந்ததைத் துடைத்துவிட்டுப் பற்றவையுங்கள். துணிப்பையில் போட்டே வைத்திருங்கள். இளஞ்சூடுதானே என்று அணைத்தபடி தூங்கிவிடாதீர்கள். தெரியாமலே தோல் வெந்துவிடும்.