கூரையும் கூரைக்குக் கீழும்: ஜெஃப்ரி பாவாவின் கட்டிடங்கள்

நம் சங்கத்துக்குச் சொந்தக் கட்டிடம் எப்படி அமைய வேண்டும் என்று ஒரு வருஷமாகப் பேசி வருகிறோம். "முகப்பில் ஒரு கோபுரம் வைத்துவிட்டால் தமிழர் கட்டிடம் என்று தெரிந்துவிடும்" என்பது பலரின் எண்ணம். பொதுப்பணித் துறையில் முப்பது வருஷம் எஸ்டிமேட் போட்டு ஓய்வு பெற்றவன் என்பதால் என்னையும் கேட்டார்கள். அப்போது பதில் சொல்லத் தெரியவில்லை. கொழும்புக்குப் போய் ஜெஃப்ரி பாவா கட்டியவற்றைப் பார்த்து வந்த பிறகு சொல்ல ஏதோ இருக்கிறது.

பாவா 1919இல் கொழும்பில் பிறந்தவர். தகப்பனார் முஸ்லிம் வழிவந்த வழக்கறிஞர். தாயார் பறங்கியர் குடும்பத்தவர். கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியமும் லண்டனில் சட்டமும் படித்தார். வக்கீல் தொழிலில் மனம் ஒட்டவில்லை. ஊர் ஊராகச் சுற்றினார். 1948இல் பெந்தோட்டைக்குப் பக்கத்தில் லுணுகங்கை என்ற ரப்பர் தோட்டத்தை வாங்கினார். அதை மனசில் நினைத்தபடி மாற்றத் தொழில்நுட்ப அறிவு போதவில்லை என்று தெரிந்ததும், மறுபடி லண்டனுக்குப் போய்ப் படித்து, 1957இல் கட்டிடக் கலைஞரானார். அப்போது வயது 38. நம் வீட்டில் ஒருவன் அந்த வயதில் இப்படிக் கிளம்பியிருந்தால் என்ன பேச்சுப் பேசியிருப்போம்!

அவருடைய சாதனை எது என்று கேட்டால், நான் கூரை என்பேன். ஐரோப்பிய நவீன பாணியில் தட்டையான கூரையும் வெள்ளைச் சுவருமாகக் கட்டினால் இலங்கை மழையில் சீக்கிரமே பாசி படிந்துவிடும். பாவாவும் அவருடன் வேலை செய்த டென்மார்க்காரர் உல்ரிக் பிளெஸ்னரும் அகன்று தாழ்ந்த ஓட்டுக் கூரைக்குத் திரும்பினார்கள். சாய்வு குறைந்தால் நாட்டு ஓடு ஒழுகும். அதனால் நெளிவுள்ள சிமெண்ட் ஷீட்டை அடியில் போட்டு, அதன் பள்ளங்களில் ஓட்டைப் பதித்தார்கள். ஷீட் நீரைத் தடுக்கும். ஓடு வெயிலைத் தாங்கும். அந்த ஷீட்டில் இருந்த ஆஸ்பெஸ்டாஸின் கேடு இன்று நமக்குத் தெரியும், அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் யோசித்த விதம் சரி. இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலத்தில், கையில் கிடைத்த கல்லும் மரமும் ஓடும் அவருக்குப் போதுமாக இருந்தன.

1960களின் தொடக்கத்தில் ஏனா டி சில்வாவுக்குக் கட்டிய வீட்டில் நடுவே ஒரு பெரிய முற்றம்; அறைகள் அதைச் சுற்றி. நெருக்கமான நகரத்து மனையில் காற்றும் வெளிச்சமும் வானமும் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டன. கொழும்பில் அவரே வாழ்ந்த வீட்டையும் பார்த்தேன். வரிசையாக இருந்த நாலு சிறு வீடுகளை ஒவ்வொன்றாக வாங்கி ஒன்றாக்கியிருக்கிறார். நீண்ட வெள்ளை நடைவழியின் முடிவில், சின்ன நீர்த்தொட்டியருகே செட்டிநாட்டுத் தூண்கள்! ஒரு நிமிஷம் ஊர் ஞாபகம் வந்துவிட்டது. ஆனால் அந்தத் தூண்கள் அங்கே 'தமிழ்' என்று விளம்பரம் செய்யவில்லை. இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன, அவ்வளவுதான்.

வெளிநாடுகளிலும் அவர் பேர் பரவியது. 1970 ஒசாகா கண்காட்சியில் இலங்கை அரங்கம், பாலித் தீவில் பதுஜிம்பார் வீடுகள், சென்னை கன்னிமரா ஓட்டலின் புதுப்பிப்பு, மதுரையில் ஆலை நிர்வாகிகளுக்கான மனமகிழ் மன்றம். 2001இல் ஆகா கான் விருதுக் குழுவின் தலைவர் விருதும் கிடைத்தது. இருந்தும் என் கணிப்பில், அவருடைய உச்சங்கள் எல்லாம் சொந்த மண்ணில்தான். மழையையும் சரிவையும் மரத்தையும் வருஷக்கணக்கில் பார்த்துக் கட்டுகிறவர் அவர். போகிற இடமெல்லாம் கூடவே எடுத்துப் போகிற பாணி அல்ல அது.

குறையும் சொல்ல வேண்டும். அவருடைய உழைப்பில் பெரும்பங்கு வசதியுள்ளவர்களின் வீடுகளுக்கும் சுற்றுலா ஓட்டல்களுக்கும் போயிற்று. மாத்தறையில் ருகுணு பல்கலைக்கழகம் போன்றவை குறைவு. அவருக்குப் பின் வந்த பலர் ஓட்டையும் தூணையும் நகலெடுத்து எல்லாக் கடற்கரைகளிலும் ஒரே மாதிரி விடுதிகளைக் கட்டினார்கள். எந்த இடம், எந்தக் காற்று என்று பார்க்கவில்லை.

நம்மைப் போன்ற வாசகர்கள் தயங்கி நிற்கும் இடம் ஒன்று உண்டு. அது கோட்டேயில் உள்ள இலங்கை நாடாளுமன்றம். சதுப்பு நிலத்தைத் தோண்டி ஏரியாக்கி, நடுவில் தீவு அமைத்து, தாமிரக் கூரைகளோடு எழுப்பியது. ஏரிக்கு இக்கரையில் நின்று பார்த்தேன். அழகு, மறுக்க முடியாது. பாவாவின் கூட்டாளியாக நின்று அதன் பொறியியல் பொறுப்பைச் சுமந்தவர் பூலோகசுந்தரம் என்ற தமிழர். 1982 ஏப்ரலில் திறந்தார்கள். பதினைந்தே மாதத்தில் 1983 ஜூலைக் கலவரம். ஆகஸ்டில் ஆறாவது அரசியல் திருத்தம் வந்தது. அந்த உறுதிமொழியை ஏற்க மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் இடமிழந்தார்கள். எல்லோருக்குமாகப் போட்ட கூரை. அதன் கீழ் எல்லோருக்கும் இடமில்லை. இதற்குக் கட்டிடக் கலைஞரைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. ஆனால் கட்டிடத்தின் அழகை மட்டும் பாடிவிட்டு இதைச் சொல்லாமல் போவதும் நியாயமில்லை. கூரை போடுவது கலைஞன் வேலை. கீழே யார் உட்காரலாம் என்று முடிவு செய்வது மற்றவர்கள் வேலை.

இப்போது நம் கட்டிடத்துக்கு வருகிறேன். சிமெண்டில் கோபுரம் செய்து ஒட்டினால் அது அடையாளம் ஆகிவிடாது. இந்த ஊர் லூ காற்றுக்கும் டிசம்பர் குளிருக்கும் ஏற்ற சுவர், நடுவில் ஒரு முற்றம், வாசலில் வழிப்போக்கரும் உட்காரும் நீளத் திண்ணை: இவை இருக்கட்டும். பக்கத்து வீட்டு இந்திக்காரக் குழந்தையும் நம்ம பிள்ளைகளோடு அந்த முற்றத்தில் விளையாடட்டும். அப்புறம் அது யார் கட்டிய இடம் என்று யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்காது.