எல்லைக்கல் படத்தில் விழுவதில்லை

பெங்களூரின் தொம்மலூரில் ஒரு மனையை ட்ரோன் கொண்டு அளக்க நினைப்பவர் முதலில் எச்ஏஎல் விமான நிலையத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகளின்படி, இயங்கும் விமான நிலையத்தின் சுற்றெல்லையிலிருந்து 8 கிலோமீட்டர் வரை தரைமட்டத்திலிருந்தே கட்டுப்பாடு. அதற்கப்பால் 12 கிலோமீட்டர் வரை 200 அடிக்கு மேல் மஞ்சள் மண்டலம்; அங்கே வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதி வேண்டும். தொம்மலூர் முதல் வட்டத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது. உரிய அனுமதி இல்லாமல் மொட்டை மாடி உயரத்துக்குக்கூட எழும்ப முடியாது. பக்கத்தில் விமானப்படையின் கமாண்ட் மருத்துவமனையும் ராணுவ நிலங்களும் வேறு. சிவப்பு மண்டலம் என்றால் மத்திய அரசின் அனுமதி வேண்டும்.

இந்தக் கட்டுப்பாடுகளில் குறை சொல்ல எனக்கு அதிகம் இல்லை. விமானம் இறங்கும் பாதையில் பொம்மை பறக்கவிட யாருக்கும் உரிமை கிடையாது. என் குறை வேறு இடத்தில். தனி அடையாள எண், வகைச் சான்றிதழ், ரிமோட் பைலட் சான்றிதழ், மூன்றாம் தரப்புக் காப்பீடு, மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று விதிகள் கேட்பதெல்லாம் பறப்பதைப் பற்றியவை. இறங்கிய பிறகு கையில் இருக்கும் வரைபடம் சரியா என்று அவை கேட்பதில்லை. சில நாள் பயிற்சியில் கிடைக்கும் பைலட் சான்றிதழ், அவருக்கு ஓட்டத் தெரியும் என்பதற்கு மட்டுமே சாட்சி. அளக்கத் தெரியுமா என்பது வேறு கேள்வி. ஆனால் வாடிக்கையாளர் அந்தச் சான்றிதழைப் பார்த்துத்தான் வேலையை ஒப்படைக்கிறார்.

துல்லியம் என்ற பேச்சு சட்டத்தில் வரும் இடம் ஒன்று உண்டு. 2021 பிப்ரவரியில் வந்த புவியிடத் தரவு வழிகாட்டுதல்கள் கிடைமட்டத்தில் 1 மீட்டர், செங்குத்தில் 3 மீட்டர் என்று ஒரு வரம்பு வைத்தன. அதைவிட நுட்பமான தரவை இந்திய நிறுவனங்களே உருவாக்கி வைத்திருக்கலாம்; அதைச் சேமிப்பதும் செயலாக்குவதும் இந்தியாவுக்குள்ளேயே நடக்க வேண்டும். 120 மீட்டர் உயரத்தில் பறக்கும் சாதாரண அளவை ட்ரோனின் படத்தில் ஒரு பிக்சல் தரையில் சுமார் 3 சென்டிமீட்டர். ஆகவே அந்தப் படங்களை ஏதோ ஒரு வெளிநாட்டு கிளவுடில் ஏற்றி ஆர்த்தோ (படங்களைக் கோத்து நேராக்கிய வரைபடம்) தயாரிப்பவர், பறக்கும் விதிகளை ஒன்றுவிடாமல் பின்பற்றியும் இங்கே சிக்கிக்கொள்வார். தொழிலில் பலரும் கவனிக்காத ஓட்டை இது. ஆக, நுட்பமான தரவு நாட்டுக்கு வெளியே போய்விடக் கூடாது என்பதில் அரசுக்கு அக்கறை இருக்கிறது. தவறாக இருக்கக் கூடாது என்ற அக்கறையை டெண்டர் எழுதுபவரிடம் விட்டுவிட்டது.

ட்ரோனின் பலத்தை மறுப்பதற்கில்லை. டோட்டல் ஸ்டேஷன் எனும் தரை அளவைக் கருவியோடு ஒரு குழு நாள்கணக்கில் நடந்து எடுக்கும் திறந்த நிலத்தை ஒரு காலைப்பொழுதில் முடித்துவிடும். ஏரி, குவாரி, புது லேஅவுட் போன்றவற்றுக்கு இதைவிட நல்ல கருவி இல்லை. படம் சாட்சியாகவும் நிற்கும்: இந்தத் தேதியில் இங்கே சுவர் இல்லை என்று காட்டலாம். ஏரிகள் மறைந்த வரலாறு தொம்மலூருக்கே உண்டு. தொம்மலூர் ஏரி லேஅவுட் ஆனது. பக்கத்துச் சல்லகட்டா ஏரி கோல்ஃப் மைதானமானது. அந்தக் காலத்தில் ஆண்டுக்கு ஒருமுறை மேலிருந்து படம் எடுத்து வைத்திருந்தால் கரை எப்போது நகர்ந்தது என்ற வழக்குகளில் பாதி எழுந்தே இருக்காது.

இனி பலவீனம். ட்ரோனின் இருப்பிடத்தை உடனுக்குடன் திருத்தும் கருவியைக் காட்டி, "ஆர்டிகே இருக்கிறது சார், 2 சென்டிமீட்டர் அக்யூரசி" என்று விற்பவர் சொல்வார். அந்த 2 சென்டிமீட்டர், படம் எடுத்த கணத்தில் கேமரா இருந்த இடத்துக்கானது. தரையில் உள்ள சுவருக்கானது அல்ல. லென்ஸ் அளவுத்திருத்தம் சரியில்லாவிட்டால் நூற்றுக்கணக்கான படங்களைக் கோத்துச் செய்த தரை, கவிழ்த்த கிண்ணம்போல நடுவில் மெல்ல உப்பிவிடும். படத்தைப் பார்த்தால் தெரியாது. அதைப் பிடிக்க ஒரே வழி, கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கி வைத்த செக் பாயிண்டுகள். பல அறிக்கைகளில் துல்லியம் என்று அச்சாவது, கணக்குக்குள் போட்ட ஜிசிபி எனும் தரைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகளிலேயே எஞ்சிய பிழை. விடைத்தாளை மாணவனே திருத்திக்கொண்டதற்குச் சமம்.

இந்தப் பாடத்தை பெங்களூர் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டது. 1800-ல் அளவையாளர் வில்லியம் லாம்டன், முக்கோணக் கணக்குக்கு அடிப்படையான தன் முதல் அடிக்கோட்டை பானசவாடிக்கும் அகரத்துக்கும் இடையே, ஏழு மைலுக்கு மேல், சங்கிலியால் அளந்தார். தொம்மலூர் அந்த இரண்டுக்கும் நடுவில்தான் கிடக்கிறது. 1802-ல் சென்னைப் பரங்கிமலை அருகே புதிய அடிக்கோடு போட்டு, அங்கிருந்து முக்கோணம் முக்கோணமாக மேற்கே வந்தார். 1804-ல் அவரது உதவியாளர் ஜான் வாரன் பெங்களூரில் இன்னொரு அடிக்கோட்டை நேரடியாக அளந்தார். முக்கோணக் கணக்கு சொன்ன நீளத்துக்கும் சங்கிலி சொன்ன நீளத்துக்கும் வித்தியாசம் 3.7 அங்குலம். அந்தக் கணக்கை நம்பலாம் என்று உலகுக்குக் காட்டியது கருவியின் விலை அல்ல. கணக்கில் கலக்காத அந்த இரண்டாவது அளவு. அமெரிக்கப் போட்டோகிராமெட்ரி, தொலையுணர்வுச் சங்கம் 2023-ல் வெளியிட்ட தரநிலையின் இரண்டாம் பதிப்பு குறைந்தது 30 செக் பாயிண்டுகள் கேட்பதும் இதற்காகத்தான். ஒரு சின்ன மனைக்கு முப்பது புள்ளி என்பது அதிகப்படி என்று நானும் நினைக்கிறேன். ஆனால் பூஜ்யம் என்பது அளவையே அல்ல.

ராஜராஜ சோழன் காலத்து அளவையில் ஒரு வேலியில் 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்கு வரை கணக்கிட்டு வரி விதித்ததைப் பெருமையாகச் சொல்வோம். வேலி ஆறரை ஏக்கர் என்றால் அந்தப் பங்கு அரைச் சதுர மில்லிமீட்டர். கோலால் யாரும் அதை அளந்திருக்க முடியாது. வகுத்ததில் வந்த பின்னம் அது. இன்றைய அறிக்கையில் மூன்று தசமத்துக்கு அச்சாகும் மீட்டர்களும் அதே ஜாதி.

உயரம் இன்னும் மோசம். ஜிபிஎஸ் தருவது, பூமியின் கணித வடிவமான நீள்வட்டகத்திலிருந்து உயரம். அது கடல்மட்டத்திலிருந்து உயரம் அல்ல. பெங்களூரில் இரண்டுக்கும் ஏறத்தாழ 86 மீட்டர் வித்தியாசம். இவ்வளவு பெரிய பிழையை யாரும் உடனே பிடித்துவிடுவார்கள். பிடிபடாதது சின்னப் பிழை. ஒரு மழைநீர் வாய்க்கால் 500-க்கு 1 என்ற சரிவில் ஓடினால் 100 மீட்டருக்கு 20 சென்டிமீட்டர் இறங்கும். இரு முனைகளிலும் 10 சென்டிமீட்டர் பிழை இருந்தால், அந்த 20-ல் 14 சந்தேகத்துக்குரியது. வெள்ளம் புகும் கோரமங்களா–சல்லகட்டா பள்ளத்தாக்கில் ராஜகாலுவே எனும் பெருவாய்க்காலின் சரிவை ட்ரோனை மட்டும் நம்பி வடிவமைப்பவர், அடுத்த மழையில் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. லெவல் கருவியைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கத்தான் வேண்டும்.

எல்லைக்கு வருவோம். முப்பதுக்கு நாற்பது சைட்டில் நாற்பதடிப் பக்கத்தில் 10 சென்டிமீட்டர் நகர்ந்தால் 13 சதுர அடி போகும். சதுர அடி பத்தாயிரம் என்று வைத்தாலும் ஒரு லட்சத்து முப்பதாயிரம் ரூபாய். ஆனால் தொம்மலூரின் உட்தெருக்களில் மேலிருந்து தெரிவது சுவரே அல்ல. இரண்டடி நீண்ட சஜ்ஜா, அதன்மேல் தகரக் கொட்டகை, பக்கத்து வீட்டு மாடியோடு ஒட்டிய தண்ணீர்த் தொட்டி, எல்லாவற்றுக்கும் மேல் தூங்குமூஞ்சி மரத்தின் குடை. சாய்வுக் கேமரா கொஞ்சம் உதவும். முழங்கை நுழையாத சந்தில் அதுவும் தோற்கும்.

கிராம மனைகளுக்கான ஸ்வாமித்வா திட்டம் இதை நேர்மையாக ஒப்புக்கொண்டது. 2020-ல் முன்னோட்டமாகத் தொடங்கிய மாநிலங்களில் கர்நாடகமும் ஒன்று. அங்கே ட்ரோன் எழும்புவதற்கு முன் ஊரார் கூடி, அவரவர் எல்லையில் சுண்ணாம்புக் கோடு போடுகிறார்கள். ட்ரோன் எடுப்பது அந்தக் கோட்டைத்தான். எல்லை முடிவானது தரையில், பேசித் தீர்த்து. 2025 பிப்ரவரியில் 152 நகர உள்ளாட்சிகளில் தொடங்கிய நக்ஷா திட்டத்துக்கு நகரத்தின் சிக்கல் காத்திருக்கிறது: இங்கே சுண்ணாம்புக் கோடு போட அடுத்த வீட்டுக்காரர் ஒப்ப வேண்டும், அவரோ வெளிநாட்டில்.

பழைய ஆவணமும் ஒத்துழைக்காது. கர்நாடகத்தின் பழைய அளவைக் குறிப்பேடுகளான திப்பணி ஏடுகள் 33 அடிச் சங்கிலியையும் அதில் பதினாறில் ஒரு பங்கான அணாவையும் கொண்டு எழுதப்பட்டவை. ஒரு அணா இரண்டடிக்குச் சற்று மேல். அந்த ஏட்டின் மேல் 3 சென்டிமீட்டர் படத்தைப் பொருத்தினால் கோடுகள் விலகத்தான் செய்யும். அந்த விலகல் எல்லாவற்றையும் ஆக்கிரமிப்பு என்று எழுதுவது அபாண்டம். எது ஏட்டின் தடிமன், எது உண்மையான மீறல் என்று பிரிக்க, உரிமம் பெற்ற சர்வேயர் பழைய கல்லைத் தேடிப்பிடித்து, துல்லிய ஜிபிஎஸ் கருவியான டிஜிபிஎஸ் வைத்து, அங்கிருந்து தொடங்க வேண்டும்.

எனவே டெண்டர் எழுதுவோரிடம் கேட்பது இவ்வளவுதான்: பறக்கும் அனுமதிச் சீட்டோடு, ஒதுக்கி வைத்த செக் பாயிண்டுகளின் பட்டியலும் ஒவ்வொன்றிலும் கிடைத்த பிழையும் அறிக்கையில் இருக்கட்டும். அந்தப் புள்ளிகளை ட்ரோன் ஓட்டிய நிறுவனம் அல்லாத இன்னொருவர் அளக்கட்டும். அது வரும்வரை பில்லை நிறுத்தி வையுங்கள்.