சான்றோனாக்கலுக்கு முன்: சங்கப் பாடல்களில் தந்தையும் தளர்நடைக் குழந்தையும்

முன்னுரை

தந்தையின் கடமை எது என்னும் வினா எழும்போதெல்லாம் பொன்முடியாரின் புறநானூற்றுப் பாடலும் (312) திருக்குறளின் 67ஆம் குறளும் சான்றாகக் காட்டப்படுகின்றன. முன்னது மகனைச் சான்றோனாக்குவதையும், பின்னது அவனை அவையில் முந்தியிருக்கச் செய்வதையும் தந்தைக்கு உரியனவாகக் கூறுகின்றன. இவ்விரண்டை மட்டும் கொண்டு, தமிழ் மரபில் குழவிப் பருவம் தாய்க்கும் கல்விப் பருவம் தந்தைக்கும் உரியவை எனப் பொதுவிதி வகுப்பது பொருந்துமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பொன்முடியார் பாடலின் சூழல்

பொன்முடியார் ‘புறந்தருதல்’ எனும் பேணற்கடமையைத் தாய்க்கே அளிக்கிறார் என்பது உண்மை. ஆயினும் இப்பாடல் வாகைத்திணையின் மூதின்முல்லைத் துறையைச் சார்ந்தது. தாய், தந்தை, கொல்லன், வேந்தன், காளை ஆகிய ஐவர் கடமைகளும் வேல் வடித்தலையும் களிறு எறிதலையும் நோக்கியே வரிசைப்படுகின்றன. மறக்குடியில் வீரன் உருவாகும் முறையைக் கூறும் பாடலை எல்லாக் குடும்பங்களுக்கும் உரிய குழந்தை வளர்ப்பு விதியாகக் கொள்வது மிகையான பொருளேற்றமாகும்.

தந்தையின் அண்மை

தத்தி நடந்து, உணவைக் கையால் அளைந்து, உடலெங்கும் பூசிக்கொள்ளும் குழந்தையைப் பாடியவர் பாண்டியன் அறிவுடைநம்பி (புறம். 188). பலரோடு உண்ணும் பெருஞ்செல்வர்க்கும் அத்தகைய மக்கள் இல்லையெனில் வாழ்நாள் பயனற்றது என்பது அவ்வேந்தனின் கூற்று. ஐங்குறுநூற்றில் பேயனார் காட்டும் தலைவனோ, தன் தந்தையின் பெயரைத் தாங்கிய மகன் சிறுதேர் உருட்டி வரும் தளர்நடையைக் கண்டு, மனைவியினும் அம்மகன்மேல் மிகுந்த அன்பு கொள்கிறான் (403).

ஔவையார் பாடல் (புறம். 92) இன்னும் நுண்ணிய சான்றாகும். யாழிசைக்கு ஒவ்வாததும் பொருள் விளங்காததுமான மழலை தந்தையிடம் அருளைத் தோற்றுவிக்கிறது; அதியமான் முன் தாம் கூறும் சொற்களும் அத்தகையனவே என்கிறார் அவர். மழலைக்கு நெகிழும் தந்தை கேட்போர் அனைவரும் அறிந்த காட்சியாக இருந்தாலன்றி இவ்வுவமை பயன் தராது.

அண்மையின் எல்லை

எனினும் இப்பாடல்களில் தந்தை காண்கிறான், கேட்கிறான், மகிழ்கிறான். சோறு பூசிய மேனியைக் கழுவியவர் யார் என்பதை அறிவுடைநம்பி கூறவில்லை. தலைவனின் மகிழ்ச்சியை ஐங்குறுநூற்றில் எடுத்துரைப்பவள் குழந்தை வளர்ப்பையே தொழிலாகக் கொண்ட செவிலி. மேலும், அங்குப் பேசப்படுவது மகன் மட்டுமே. ‘மக்கட்பேறு’ அதிகாரத்தைப் பரிமேலழகர் ‘புதல்வரைப் பெறுதல்’ எனப் பெயரிட்டதிலும் இச்சாய்வு தொடர்கிறது.

முடிவுரை

குழந்தை வளர்ச்சி ஆய்வில் தந்தையர் மறக்கப்பட்ட பங்களிப்பாளர்கள் என்று உளவியலாளர் மைக்கேல் லாம்ப் 1975இல் சுட்டினார். தமிழ்த் திறனாய்வில் அம்மறதி மேற்கோள் தெரிவிலேயே நிகழ்கிறது. 312ஐ 92, 188 ஆகியவற்றோடு சேர்த்துப் படிக்கும்போது, தொடக்கப் பருவத்திலிருந்து தந்தையை விலக்கும் பொதுவிதி தளர்கிறது. அதே வேளையில், தந்தையின் மகிழ்ச்சிக்குக் கிடைக்கும் சான்று அவன் உழைப்புக்குச் சான்றாகாது. இவ்வேறுபாட்டை மறைத்துப் பழம்பெருமை பேசுவதும், 312ஐக் காட்டித் தந்தைக்கு விலக்களிப்பதும் ஒருங்கே தவிர்க்கப்பட வேண்டியவை.