கண்ணைப் பாராதவனின் கதை

பேசும்போது கண்ணைப் பார்க்காதவன் எதையோ மறைக்கிறான் என்பது நம் எல்லோருள்ளும் ஊறிப்போன தீர்ப்பு. அந்தத் தீர்ப்பைச் சுமந்தே நாற்பது ஆண்டுகள் வாழ்ந்த ஒருவரின் தன்வரலாறுதான் அமெரிக்கரான ஜான் எல்டர் ராபிசன் 2007இல் வெளியிட்ட 'லுக் மீ இன் தி ஐ'. 'என் கண்ணைப் பார்' என்று பெரியவர்கள் அவருக்கு இட்ட கட்டளையே நூலின் பெயராக அமைந்தது.

ராபிசன் 1957இல் பிறந்தவர். லியோ கன்னர் 1943இலும், ஹான்ஸ் ஆஸ்பர்கர் 1944இலும் ஆட்டிசம் பற்றி எழுதிவிட்டனர். ஆயினும், ஆஸ்பர்கர் விவரித்த நிலையை லோர்னா விங் ஆங்கில உலகிற்குப் பரவலாக அறிமுகம் செய்தது 1981இல்தான். அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் அது இடம்பெற்றது 1994இல். அதற்குள் ராபிசனின் இளமை கழிந்துவிட்டது. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர், 'கிஸ்' இசைக்குழுவுக்காகத் தீயும் ஒளியும் உமிழும் கிதார்களை வடிவமைத்தார். பின்னர் கார்களைப் பழுதுபார்க்கும் தொழில் தொடங்கினார். நாற்பதாம் வயதில், மனநல ஆலோசகரான அறிமுகத்தவர் ஒருவர் தந்த புத்தகத்தில்தான் தம்மையே கண்டார்.

ஒளிவுமறைவற்ற நேர்மையே நூலின் வலிமை. ஒரு குழந்தை ரயிலில் அடிபட்டு இறந்த செய்தி கேட்டதும் தம் முகத்தில் சிரிப்புத் தோன்றியதை அவர் மறைக்கவில்லை. அது கொடுமையன்று, தமக்கும் தம்மவர்க்கும் அது நேரவில்லை என்ற ஆறுதலே அவ்வாறு வெளிப்பட்டது என்கிறார். மூன்று சகோதரிகளுள் நடுவரான தம் மனைவியை 'இரண்டாம் அலகு' என்று அழைத்ததையும் அவ்வாறே சொல்கிறார். நகைக்கத் தோன்றும் இவ்விடங்களிலேயே அவருடைய தனிமையின் ஆழம் நமக்குப் புலப்படுகிறது.

எனினும் இரு குறைகளைச் சுட்டாதிருக்க இயலாது. குடிக்கு அடிமையான தந்தை, மனநோயுற்ற தாய் ஆகியோரிடையே வளர்ந்தவர் ராபிசன். எந்தக் காயம் பிறவி இயல்பால் நேர்ந்தது, எது வீட்டுச் சூழலால் நேர்ந்தது என்பதை நூல் ஆழ்ந்து ஆராயவில்லை. தம் வாழ்வின் சாயலை இதில் காணும் வாசகர் இங்கு விழிப்பாயிருத்தல் வேண்டும். ஒரு நூல் ஐயத்தை எழுப்பலாம். அதை உறுதிசெய்யத் தேர்ந்த மருத்துவரின் நீண்ட பரிசீலனை தேவை. அடுத்து, இளமையில் பிறரிடம் செய்த குறும்புகளை ஆசிரியர் களிப்போடு அடுக்குகிறார். அவற்றுக்கு ஆளானவர் மனம் என்ன பாடுபட்டது என்ற கேள்வி போதிய அளவு எழவில்லை.

இக்கேள்வியை நாம் வலியுறுத்தக் காரணம் உண்டு. நடுவயதில் தம் இயல்புக்கு ஒரு பெயரைக் கண்டடைபவர், "நான் கெட்டவனல்லன்" என்று முதன்முறையாக மூச்சுவிடுகிறார். அந்த விடுதலை மெய்யானது. அதை எவரும் மறுக்கலாகாது. ஆனால் பெயர் விளக்கம் தருமேயன்றி, பிறருக்கு நேர்ந்த வலியைத் துடைத்துவிடாது. எங்கே தவறிப் புரிந்துகொண்டோம், எப்படி ஈடுசெய்வது என்று அறிய அது துணைசெய்யும்போதே பயன் முழுமையாகிறது. மனிதரோடு பழகும் முறையைப் பொறியின் இயக்கத்தைக் கற்பதுபோல் பொறுமையாகக் கற்றதை ராபிசன் விவரிக்கும் பக்கங்கள் இதற்குச் சான்று. நூலின் சிறந்த பகுதிகள் அவையே.

2013இல் வெளிவந்த கையேட்டுப் பதிப்பு ஆஸ்பர்கர் என்ற தனிப்பெயரை நீக்கி, ஆட்டிசத்தின் விரிந்த வரம்புக்குள் அதை அடக்கிவிட்டது. பெயர்கள் மாறும். நம்மிடையே தலைகுனிந்து பேசும் பிள்ளையும், கூட்டத்தில் ஒதுங்கி நிற்கும் முதியவரும் மாறாமல் இருக்கின்றனர். அவர்களைக் குற்றவாளிகளாகக் காணுமுன் நாம் சற்றே நிதானிக்க வேண்டும் என்பதை இந்நூல் நமக்கு உணர்த்துகிறது. குறைகளை மீறி இதை வாசிக்கப் பரிந்துரைப்பது அதன் பொருட்டே.