ஆன் சல்லிவனின் விரல்கள்

உள்ளங்கையில் எழுத்துக்கூட்டுவது எவ்வளவு நுட்பமான வேலை! ஒவ்வோர் எழுத்துக்கும் விரல்களை மடக்கியும் நீட்டியும் ஒரு வடிவம் பிடிக்க வேண்டும். அதை இன்னொரு கை தடவி உணர வேண்டும். அவசரப்பட்டால் எழுத்து கலைந்துவிடும். 1887-இல் அலபாமாவின் டஸ்கம்பியாவுக்கு ஆசிரியையாக வந்த ஆன் சல்லிவன், பார்வையும் செவிப்புலனும் இழந்திருந்த ஆறு வயது ஹெலன் கெல்லரிடம் முதலில் ஒரு பொம்மையைக் கொடுத்தார். பிறகு அதன் பெயரை அவளுடைய கையில் பொறுமையாக எழுத்துக்கூட்டினார். குழந்தை முரண்டு பிடித்தாள், அடித்தாள், உதைத்தாள். ஆசிரியையின் விரல்கள் ஓயவில்லை. சில வாரங்கள் கழித்து, அடிபம்பின் குளிர்ந்த நீர் ஒரு கையில் கொட்ட, மறு கையில் அதன் பெயர் ஊர்ந்தபோதுதான், ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பெயர் உண்டு என்பது ஹெலனுக்கு விளங்கியது.

எல்லோரும் அந்தத் தண்ணீரைப் பற்றிப் பேசுவார்கள். எனக்குப் பிடித்தது அதற்குப் பின் வந்த ஆண்டுகள். ராட்கிளிஃப் கல்லூரி வகுப்பில் பேராசிரியர் பேசப் பேச, பக்கத்தில் அமர்ந்து அந்தப் பேச்சை ஹெலனின் கைக்கு மாற்றிக்கொண்டே இருந்தார் ஆன். பாடப்புத்தகங்களையும் அப்படித்தான் படித்துக் காட்டினார், அதுவும் சிறுவயது நோயால் பழுதுபட்டிருந்த தன் கண்களை வைத்துக்கொண்டு. கைதட்டல் இல்லாத, மணிக்கணக்கில் நீளும் உழைப்பு அது. 1904-இல் பட்டம் பெற்றவர் ஹெலன். அதில் பாதி உழைப்பு ஆனுடையது. சிறப்புக் குழந்தைகளின் ஆசிரியர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமென்றால், அவர் கைகள் வேலை செய்வதை ஒருநாள் பக்கத்திலிருந்து பாருங்கள்.