பெயர் மாறிய நகரமும் உரு மாறிய ஆலைகளும்

கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில், இன்று ஏறத்தாழ இரண்டரை லட்சம் ஜனத்தொகை கொண்ட கிச்சனர் நகரத்துக்கு 1916-ஆம் வருஷம் வரையில் பெர்லின் என்பதே பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் பென்சில்வேனியாவிலிருந்து வந்து காடு திருத்திய, மென்னனைட் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடியானவர்களும், அவர்களுக்குப் பின் ஜெர்மனியிலிருந்தே கப்பலேறி வந்த தொழிலாளரும் சேர்ந்து உண்டாக்கிய அவ்வூரில், தெருவிலும் தேவாலயத்திலும் ஜெர்மன் பாஷை தாராளமாக வழங்கிற்று. விக்டோரியா பூங்காவில் சக்கரவர்த்தி முதலாம் வில்ஹெல்மின் மார்பளவுச் சிலையும் இருந்தது. முதல் உலக யுத்தம் மூண்ட 1914 ஆகஸ்டிலேயே அச்சிலையைப் பெயர்த்துப் பூங்கா ஏரியில் தள்ளிவிட்டார்கள். பெர்லின் முத்திரை குத்திய சரக்கை இனி யார் வாங்குவார்கள் என்ற வியாபாரிகளின் பயமும், பட்டாளத்தாரின் மிரட்டலும் ஒன்றுசேர, 1916 மே மாத வாக்கெடுப்பில் பெயரை மாற்ற 1,569 பேரும், மாற்றலாகாதென்று 1,488 பேரும் வாக்களித்தனர். அடுத்த மாதமே கப்பலோடு கடலில் மூழ்கி மாண்ட கிச்சனர் பிரபுவின் பெயர், புதுப் பெயரைத் தேர்ந்தெடுக்க நடந்த வாக்கெடுப்பில் வெறும் 346 வாக்குகளைப் பெற்று ஊருக்குச் சூட்டப்பட்டது. இந்தியாவில் பிரதம சேனாதிபதியாக இருந்து வைஸ்ராய் கர்ஸான் பிரபுவோடு மல்லுக்கு நின்றவர் என்று நாம் அறிந்த அதே கிச்சனர்தான். அவருக்கும் அந்த ஊருக்கும் யாதொரு பந்தமும் கிடையாது.

பயத்தினால் செய்துகொண்ட இந்த வேஷமாற்றத்தால் ஊரின் ஜீவனோபாயம் மாறிவிடவில்லை. மரச்சாமான், ரப்பர், தோல், இறைச்சி ஆகிய தொழில்கள் முன்போலவே நடந்தன. விசித்திரம் என்னவென்றால், ஒளித்து வைத்த ஜெர்மானியத்தை 1969-இல் அக்டோபர்ஃபெஸ்ட் என்ற பெயரில் கடைவிரித்தார்கள். லட்சக்கணக்கானோரை ஈர்க்கும் அத்திருவிழாவின் தோல் நிஜாரும் பீர்க் கூடாரமும் பவேரிய நாட்டுச் சம்பிரதாயமேயன்றி, காடு திருத்திய மென்னனைட்டுகளின் எளிய வாழ்வோடு ஒட்டியவை அல்ல. இரவல் உடையை இவ்வளவு குதூகலமாக உடுத்திக்கொண்ட அதே ஊரார், நான்கே வருஷங்களில், 1973-இல், தங்கள் சொந்த நகர மண்டபத்தை அங்காடிக் கட்டடம் ஒன்றுக்காக இடித்துத் தள்ளினார்கள். அதன் மணிக்கூண்டை மாத்திரம் 1995-இல் பூங்காவில் நிறுத்தித் திருப்தியடைந்தார்கள். திருவிழாவில் எனக்கு ஆட்சேபம் இல்லை. திருவிழாவையே பாரம்பரிய ரக்ஷணை என்று எண்ணிக்கொள்வதில்தான் ஆட்சேபம்.

உண்மையான புனர்ஜன்மம் பின்னால் வந்தது. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு நகரத்தின் நடுப்பகுதி களையிழந்து நின்றபோது, நகரசபை 2004-இல் பத்து வருஷத்துக்கென 110 மில்லியன் டாலர் நிதியொன்றை ஏற்படுத்தியது. அந்தப் பணம் முழுவதையும் கடைத்தெரு அலங்காரத்தில் கரைத்துவிடாமல், பக்கத்து ஊரான வாட்டர்லூவின் பல்கலைக்கழகத்துடைய மருந்தியல் கல்லூரியை நகரின் நடுவே, பழைய ரப்பர் ஆலை நின்ற மனையில் கொண்டுவந்து வைப்பதற்கு ஒரு பகுதியைச் செலவிட்டார்களே, அது தீர்க்க தரிசனம். ஏனெனில் மாணவர்கள் தினந்தோறும் வருவார்கள், திருவிழா வேடிக்கை பார்ப்போரோ வருஷத்தில் சில நாட்கள்தான் வருவார்கள். நடுநகரிலிருந்த லாங் தோல் ஆலையையோ யாரும் இடிக்கவில்லை. தடித்த செங்கற்சுவரும், கனத்த மர உத்தரங்களும், வேலைக்கு வெளிச்சம் வேண்டி வைத்த அகன்ற ஜன்னல்களும், தடுப்பில்லாத விசாலமான தளங்களும் கொண்ட அக்கட்டடம், தோல் பதனிடுவதற்கு எவ்வளவு ஏற்றதோ அவ்வளவு ஏற்றதாகக் கணிப்பொறி வல்லுநர்களின் மேஜைகளுக்கும் அமைந்துவிட்டது. 2010-இல் புதிய தொழில்நுட்பக் கம்பெனிகளுக்கு உதவும் கம்யூனிடெக் என்னும் ஸ்தாபனமும், மறு வருஷம் கூகுளும் அங்கே குடியேறின. பின்னர் கூகுள் இன்னொரு பழைய ரப்பர் ஆலைக்கு மாறிற்று.

இந்த வெற்றி முழுவதையும் திட்டத்தின் கணக்கில் வரவு வைப்பது நியாயமாகாது. வாட்டர்லூவில் பொறியியல் பயின்று வெளிவரும் இளைஞர்களும், அவ்வூரின் பிளாக்பெர்ரி கைபேசிக் கம்பெனி சரிந்தபோது வேலையிழந்து புதுத்தொழில் தொடங்கிய அனுபவசாலிகளும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்திராவிட்டால், அத்தனை செங்கற்சுவர்களும் வௌவால்களுக்கே பிரயோஜனப்பட்டிருக்கும். ஆகையால், இதைப் பார்த்து ஆலைகளைப் புதுப்பிக்கப் புறப்படும் பிற நகரங்கள், கட்டடங்களை எண்ணுமுன் அண்டையிலுள்ள கல்லூரிகளை எண்ணிப் பார்ப்பது நலம்.

திட்டத்தின் பெருங்குறை குடியிருப்பில் இருக்கிறது. 2019-இல் அயான் என்னும் இலகு ரயில் ஓடத் தொடங்கியது. அதன் பாதை நெடுகிலும் அடுக்குமாடிகள் எழுந்தன, வாடகை ஏறிற்று. ஆலைத் தொழிலாளி குறைந்த வாடகையில் வாழ்ந்த நடுநகரம், அவன் வாரிசுகளுக்கு எட்டாத பண்டமாயிற்று. விக்டோரியா தெருவில், கூகுள் காரியாலயத்துக்கு அதிக தூரமில்லாத காலி மனையொன்றில், வீடற்றோர் கூடாரமடித்துத் தங்கினார்கள். அவர்களை வெளியேற்ற வாட்டர்லூ பிராந்திய நிர்வாகம் நீதிமன்றம் சென்றபோது, அவர்கள் தங்குவதற்குப் போதிய இடம் வேறெங்கும் இல்லாத நிலையில் வெளியேற்றுவது அரசியல் சாசன உரிமைக்கு விரோதமென்று 2023 ஜனவரியில் தீர்ப்பாயிற்று. நடுநகருக்காக முன்கூட்டி நிதி திரட்டிய நகரசபையார், அடுத்த நிதியில் முதற்பங்கை வாடகை வீடுகளுக்கு ஒதுக்க வேண்டும்.