மெய்க்கீர்த்தியும் கணினித் திரையும்: வரலாற்று வியூக விளையாட்டுகள் கடந்த காலத்தைக் காட்டும் முறை

1. முன்னுரை

கடந்த காலத்தை மக்கள் அறிந்துகொள்ளும் வாயில்கள் காலந்தோறும் மாறி வந்துள்ளன. கூத்து, கதைப்பாடல், வரலாற்றுப் புதினம், திரைப்படம் என்னும் வரிசையில் இன்று கணினி விளையாட்டும் சேர்ந்துள்ளது. அவற்றுள் வியூக விளையாட்டு எனப்படும் வகை தனித்து ஆராயத்தக்கது. இதனை ஆடுபவர் தனி வீரராக அன்றி ஓர் அரசாகவே நின்று நிலங்கொள்கிறார், பொருள் திரட்டுகிறார், படை நடத்துகிறார். 1991இல் வெளிவந்த ‘சிவிலைசேஷன்’, 1999இல் வெளிவந்த ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ ஆகியன இவ்வகையின் புகழ்பெற்ற சான்றுகளாகும்.

இவை வரலாற்றைச் சொற்களால் மட்டும் உரைப்பதில்லை; விதிகளால் உரைக்கின்றன. எதனைச் செய்யலாம், எதனைச் செய்ய இயலாது, எதற்கு என்ன விலை என்பனவே இவற்றின் கூற்றுகள். இவ்வகை உணர்த்துமுறையை இயன் போகோஸ்ட் 2007இல் தனி நூலாக விளக்கினார். ஆடம் சாப்மன் 2016இல் இவ்விளையாட்டுகளை வரலாறு கூறும் வடிவங்களாகவே கொண்டு ஆராய்ந்தார். எனவே ‘உடை சரியா, வாள் சரியா’ எனப் பார்ப்பதோடு நில்லாமல், விதிகளின் இலக்கணத்தைக் காண்பதே முறையாகும். தொண்டை மண்டலத்தின் வடபகுதியை உரைகல்லாகக் கொண்டு அவ்விலக்கணத்தை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. களம்

சத்தியவேடு தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் எல்லைப் பகுதி. மொழிவழி மாநில அமைப்புக்குப் பின் எழுந்த எல்லைச் சிக்கலில் படாஸ்கர் அளித்த பரிந்துரையை ஒட்டி 1959இல் சட்டம் இயற்றப்பட்டது. 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்துடன் இணைந்தது. செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த சத்தியவேட்டுப் பகுதி ஆந்திரத்துடன் இணைந்தது. சித்தூர் மாவட்டத்தில் இருந்த சத்தியவேடு 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் உள்ளது.

இந்த மாற்றத்தில் தமிழ்நாட்டுப் பக்கம் வந்த திருவாலங்காட்டில்தான், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முதலாம் இராசேந்திர சோழனின் புகழ்பெற்ற செப்பேடுகள் கிடைத்தன. எனவே இராசேந்திரன் திரையில் தோன்றும் முறையை அவன் செப்பேடு கிடைத்த வட்டாரத்திலிருந்தே நோக்குவது பொருந்தும்.

3. பெயரும் பேச்சும்

‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ 2013இல் ‘இந்தியர்’ என்னும் ஒரே பிரிவைச் சேர்த்தது. 2022 ஏப்ரலில் வந்த ‘டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா’ என்னும் விரிவாக்கம் அதனை இந்துஸ்தானியர், வங்காளியர், கூர்ச்சரர், திராவிடர் என நான்காகப் பகுத்தது. ‘சிவிலைசேஷன்’ தொடரிலும் இத்தகைய வளர்ச்சியுண்டு. முதற்பதிப்பில் காந்தியடிகளைத் தலைவராகக் கொண்ட ஒற்றை இந்தியா இருந்தது. 2025இல் வந்த ஏழாம் பதிப்பில் சோழர் தனித்து இடம்பெற்றனர். துணைக்கண்டத்தை ஒரே நிறத்தால் பூசிய நிலை மாறியது வரவேற்கத்தக்கது.

ஆயினும் ‘திராவிடர்’ என்னும் பெயர் மொழியியலார் கண்ணில் உறுத்துவது. வடமொழியில் தென்னாட்டையும் அதன் மக்களையும் குறித்துவந்த ‘திராவிட’ என்னும் சொல்லைக் கால்டுவெல் 1856இல் ஒரு மொழிக்குடும்பத்தின் பெயராக நிலைநிறுத்தினார். மொழிக்குடும்பம் என்பது ஒப்பீட்டால் பெறப்படும் ஆய்வுக் கருத்து. அதற்குக் கொடி இல்லை, படை இல்லை. 11ஆம் நூற்றாண்டில் ‘யாம் திராவிடர்’ எனத் திரண்டு போருக்குச் சென்றவர் எவருமிலர். சோழரும் மேலைச் சாளுக்கியரும் ஒரே மொழிக்குடும்பத்து மொழிகளை வழங்கிய நாடுகளை ஆண்டே தலைமுறை தலைமுறையாகப் போரிட்டனர்.

இதனினும் நுட்பமானது பேச்சு. இவ்விளையாட்டில் திராவிடப் பிரிவின் ஆட்கள் ஏவலுக்குத் தமிழில் மறுமொழி கூறுகின்றனர். உலகெங்கும் விற்கப்படும் விளையாட்டொன்றில் தமிழ் ஒலிப்பது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் பெயர் குடும்பத்தினுடையதாகவும் பேச்சு ஒரு மொழியினுடையதாகவும் இருக்கும்போது ஏனைய மொழிகள் ஊமையாகின்றன. சத்தியவேட்டில் தமிழ் பேசும் சிறுவனும் தெலுங்கு பேசும் சிறுவனும் ஒரே திரையின்முன் அமர்ந்தால், முதலாமவனுக்குத் தன் முன்னோர் பேசுகின்றனர். இரண்டாமவனுக்கு, பெயரளவில் தன்னையும் உள்ளடக்கிய பிரிவில் தன் மொழி இல்லை.

வரலாறு காட்டுவதோ வேறு. இராசேந்திரன் மகள் அம்மங்கை வேங்கிநாட்டு இராசராச நரேந்திரனை மணந்தாள். நன்னயர் தெலுங்கில் பாரதம் பாடியது அம்மன்னன் அவையில். அவர்கள் மகனே 1070இல் சோழ அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கன். இவனை எந்தப் பிரிவில் அடைப்பது?

கலைச்சொல் தெரிவிலும் இதே சிக்கல் உண்டு. இப்பிரிவின் தனிக் கப்பலுக்குத் ‘திரிசடை’ எனப் பெயர். இப்பெயரைக் கேட்டதும் தமிழ் வாசகர் நினைவுக்கு வருபவள் அசோகவனத்தில் சீதைக்குத் துணைநின்றவள். கடாரப் படையெடுப்பைக் கூறும் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி ஆளும் சொல் ‘கலம்’ என்பது. எளிய சொல்லை விட்டு அரிய சொல்லை நாடுவது, பழமை என்றாலே வியப்பூட்டுவது என்னும் எண்ணத்தின் விளைவு எனலாம்.

4. விதிகளின் இலக்கணம்

ஒரு விளையாட்டின் விதிகளை வாக்கியங்களாகக் கொண்டால், எழுவாய் எப்போதும் ஆடுபவரே. பயனிலைகள் திரட்டு, கட்டு, பயிற்று, தாக்கு என்னும் சில ஏவல் வினைகள். செயப்படுபொருள் நிலமும் மரமும் மக்களும். இவ்வமைப்பு நமக்குப் புதியதன்று. மெய்க்கீர்த்தியும் இத்தகையதே. மன்னன் எழுவாய், கொண்டான், வென்றான், எறிந்தான் என்பன வினைகள், நாடுகளின் நெடும்பட்டியல் செயப்படுபொருள். இராசேந்திரனின் பெயரில் அமைந்த தொடராட்டத்தில் ஆடுபவர் இயற்றுவது ஒருவகையில் ஒரு மெய்க்கீர்த்தியே.

ஆனால் மெய்க்கீர்த்தி ஆவணத்தின் முகப்பு மட்டுமே. திருவாலங்காட்டுச் செப்பேட்டில் 271 செய்யுள் கொண்ட வடமொழிப் பகுதி மரபும் வெற்றியும் கூறுகிறது. தமிழ்ப் பகுதியோ பழையனூர் என்னும் ஊரைக் கோயிலுக்கு அளித்த செய்தியை எல்லை, உரிமை, வரி, அலுவலர் என விரித்துரைக்கிறது. ஆவணம் எழுந்ததற்குக் காரணம் இப்பின்பகுதியே. இங்கு எழுவாய்கள் பல. மன்னன் ஆணையிட, அலுவலர் எழுத, நாட்டார் உடன்பட, ஊரார் எல்லை காட்டுகின்றனர். வியூக விளையாட்டு முகப்பை ஏற்றுக்கொண்டு பின்பகுதியைக் கைவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் மையக் கருத்து. மூன்று சான்றுகள் காணலாம்.

முதலாவது ஆடு. விளையாட்டில் ஆடு என்பது 100 அலகு உணவு, வெட்டியதும் தீரும். சோழர் கல்வெட்டுகளில் கோயில் விளக்குக்கு விடப்பட்ட ஆடுகள் ‘சாவா மூவாப் பேராடு’ எனப்பட்டன. ஆடுகள் பெருகும், எண்ணிக்கை குறையாது, இடையர் அவற்றைக் காத்து நாள்தோறும் நெய் அளப்பர். அது செலவன்று, முதல்.

இரண்டாவது வயல். விளையாட்டில் பொதுவாக 60 அலகு மரம் செலுத்தினால் எவ்விடத்தும் வயல் தோன்றும், நீர் வேண்டியதில்லை. ஏரியால் வாழ்ந்த தொண்டை மண்டலத்தில் இது நிகழாதது. 919, 921ஆம் ஆண்டுகளுக்குரிய உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியத்துக்கு உறுப்பினரைக் குடவோலையால் தேர்ந்த முறையைக் கூறுகின்றன. நீரை நீக்கியதால் நீரைப் பகிரும் மன்றமும் நீங்கிற்று.

மூன்றாவது காலப்பகுப்பு. எல்லாப் பிரிவினரும் இருண்ட காலம், நிலமானியக் காலம், கோட்டைக் காலம், பேரரசுக் காலம் என்னும் நான்கு படிகளையே ஏறவேண்டும். தென்னிந்திய இடைக்காலத்தை நிலமானியம் எனக் கொள்ளலாமா என்பது பெரும் விவாதம். ஆர். எஸ். சர்மா 1965இல் இந்திய நிலமானியம் பற்றி எழுதினார். பர்டன் ஸ்டைன் 1980இல் சோழ அரசுக்கு வேறொரு மாதிரியை முன்வைத்தார். நொபுரு கராசிமா கல்வெட்டுகளைக் கணக்கிட்டு இருவரினும் வேறுபட்ட முடிவுகளை அடைந்தார். இவ்விவாதத்தை விளையாட்டு ஒரு பொத்தானை அழுத்தித் தீர்த்துவிடுகிறது.

5. எல்லை என்னும் கருத்து

‘குரூசேடர் கிங்ஸ் 2’ என்னும் விளையாட்டு 2014இல் இந்தியாவைத் தன் நிலப்படத்தில் சேர்த்தது. மணவுறவு, வாரிசுரிமை ஆகியவற்றை விதிகளாக்கிய இது குலோத்துங்கன் போன்றோர் வரலாற்றுக்கு ஓரளவு இடந்தருவது. எனினும் இதில் ஒரு வட்டாரத்துக்கு ஒரு பண்பாடே உண்டு. ஒன்று மாறினால் மற்றொன்று மறையும். இருமொழியம் இதில் ஒரு நிலையன்று.

1960இன் எல்லைப் பிரிவினையும் கிராமத்தை அலகாகவும் மொழிப் பெரும்பான்மையை அளவையாகவும் கொண்டது. ஆட்சிக்குக் கோடு வேண்டும். எனவே ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு விடை தேவைப்பட்டது. ஆனால் அந்த நிருவாகத் தேவையை 11ஆம் நூற்றாண்டின்மீது ஏற்றுவது காலமயக்கம். சோழர் செப்பேடுகளில் எல்லை குறிக்கும் முறை கருதத்தக்கது. பிடியானையை நடத்தி, ஊரார் உடன்வர நிலத்தைச் சுற்றிவந்து, கல்லும் கள்ளியும் நட்டனர். அவ்வெல்லை நிலத்துக்கு உரியது. அதனுள் வாழ்வோர் பேச்சுக்கு உரியதன்று.

6. ஒரு மறுப்பும் விடையும்

விளையாட்டு எளிமைப்படுத்தியே ஆகவேண்டும், கல்வெட்டியலை அதனிடம் எதிர்பார்க்கலாமா எனக் கேட்கலாம். எளிமை தவிர்க்க இயலாதது என்பது உண்மையே. ஆயினும் எதனை எளிமையாக்குவது என்பது தெரிவு. அதே 2022 விரிவாக்கத்தில் கூர்ச்சரப் பிரிவு ஆடுமாடுகளை வெட்டாமல் ஆலையில் அடைத்து, தொடர்ந்து உணவு பெறலாம். சாவா மூவாப் பேராட்டின் கொள்கைக்கு மிக அணியது இவ்விதி. அதுபோல், 2022இல் வந்த ‘விக்டோரியா 3’ ஒரே வட்டாரத்தில் பல பண்பாட்டினரையும் பல சமயத்தினரையும் தனித்தனிக் குழுக்களாகக் கணக்கிடுகிறது. எனவே குறை கருவியின் இயலாமையில் இல்லை. கேட்கப்படும் வினாவில் உள்ளது.

7. முடிவுரை

வரலாற்று வியூக விளையாட்டுகள் கடந்த காலத்தை வேந்தன் கண்கொண்டு காட்டுகின்றன. இதனால் அவற்றைப் பொய்யெனத் தள்ளுவது பொருந்தாது. மெய்க்கீர்த்தியையும் நாம் தள்ளுவதில்லை, அதன் வகையறிந்து படிக்கிறோம். அவ்வாறே இவ்விளையாட்டுகளைப் படிக்கும் பயிற்சியை மாணவர்க்கு அளித்தல் வேண்டும். ஒரு பிரிவின் விதிகளைக் கொடுத்து, அதன் எழுவாய் யார், இல்லாத வினைகள் எவை என வினவும் பயிற்சி மொழி வகுப்புக்கும் வரலாற்று வகுப்புக்கும் ஒருங்கே பயன்படும். எல்லைப் பகுதிப் பள்ளிகளில் இதன் தேவை மிகுதி. அங்குள்ள மாணவர் வீட்டிலும் கடைத்தெருவிலும் இரு மொழி வழங்கி வளர்பவர். ஒரு நிறம் பூசிய நிலப்படத்தில் தம் ஊரைக் காணும்போது, ஐயம் கொள்ளவேண்டியது தம் பேச்சின்மீதன்று, அப்படத்தின்மீது என்பதை அவர்கள் உணர்தல் வேண்டும்.